தூர்தர்ஷன் காலத்து டிவியும் ஞாயிற்றுக்கிழமைப் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் டிவி பார்த்து வளர்ந்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ஒலியும் ஒளியும் பக்கம் போய்விடும். அப்போது இரண்டு விதமான ஆட்கள் கேள்வி கேட்பார்கள். ஒன்று, அதே வயசுக்காரர்கள். தங்கள் ஞாபகம் சரிதானா என்று பார்த்துக்கொள்ள. இன்னொன்று, அவர்களுடைய பிள்ளைகள், நம்ப முடியாமல். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எழுதியது இது. நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். சென்னையில் வளர்ந்தவர்களுக்குச் சில விஷயங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

தூர்தர்ஷன் காலம் என்பது எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை?

சென்னை நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்போது அது சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும்தான். 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கலர் வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகக் கோபுரங்கள் முளைத்தன. டிவி வைத்திருக்க லைசென்ஸ் எடுத்து, தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டும் வழக்கம் 1985 வரை இருந்தது. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

முடிவு எது என்று கேட்டால் 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கிய நாளைச் சொல்வேன். ஆனால் கேபிள் ஒயர் எட்டாத கிராமங்களில் தூர்தர்ஷன் காலம் இன்னும் பல வருஷம் ஓடியது. அதனால்தான் ஒரே வயசுள்ள இரண்டு பேர் பேசும்போது ஒருவர் சன் டிவித் தொடரான மர்மதேசம் என்பார், இன்னொருவர் தூர்தர்ஷனின் விவசாய நிகழ்ச்சியான வயலும் வாழ்வும் என்பார்.

வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் நிகழ்ச்சியில் அப்படி என்ன இருந்தது?

அரை மணி நேரம், ஐந்தாறு சினிமாப் பாட்டு. அவ்வளவுதான். நடுவே விளம்பரம் வேறு.

ஆனால் அந்த நாளில் ஒரு பாட்டைக் காதால் கேட்க ரேடியோ இருந்தது. கண்ணால் பார்க்க தியேட்டருக்குத்தான் போக வேண்டும். படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டால் பாட்டும் போய்விடும். வெள்ளிக்கிழமை அது வீட்டுக்குள் வரும், என்ன பாட்டு என்று முன்கூட்டித் தெரியாது. முதலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டு வந்தால் தாத்தா நிமிர்ந்து உட்காருவார், நாங்கள் முனகுவோம். புதுப் படப் பாட்டைக் கடைசியில் போடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் கடைசிப் பாட்டுக்கு முன்னால் கரண்ட் போனால் அன்று இரவு வீட்டில் யாரிடமும் பேச்சுக் கொடுக்க முடியாது.

தெருவில் நடமாட்டம் இருக்காது என்று பலரும் சொல்வது மிகை இல்லை. கடைக்காரர்களே அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

வயலும் வாழ்வும் நிகழ்ச்சியை நிஜமாகவே யாராவது பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் பார்த்தார்கள். டிவியைப் போட்டாயிற்று, அடுத்த நிகழ்ச்சி வரை அணைக்க மனசு வராது. அணைத்துப் போட்டால் படம் வராமல் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அதனால் நெற்பயிரில் குலைநோய், தென்னையில் காண்டாமிருக வண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். காண்டாமிருக வண்டு பற்றி எனக்கு இன்றும் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான்.

இதே ரகம் இன்னும் சில: மத்தியானத்தில் வரும் காண்போம் கற்போம், பிள்ளைகளுக்கான கண்மணிப் பூங்கா, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் எதிரொலி, அடுத்த வாரம் என்னென்ன வரும் என்று சொல்லும் முன்னோட்டம். இதில் முன்னோட்டத்துக்கு இருந்த மவுசே தனி. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்பது அதில்தான் தெரியும். அந்தச் செய்தியை முதலில் கேட்டவன் மறுநாள் வகுப்பில் பெரிய ஆள்.

தென் மாவட்டங்களில் இலங்கை டிவி பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. சென்னை ஒளிபரப்பு எங்களை எட்டுவதற்கு முன்பே இலங்கையின் ரூபவாஹினி எட்டிவிட்டது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம் அது. இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகால மலை உச்சியில் அதன் கோபுரம். நடுவில் இருப்பது கடல்தானே, மறைக்க மலை கிடையாது. தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் ஆன்டெனா கடலைப் பார்த்து நிற்கும். சிங்களப் பாட்டும் சிங்கள விளம்பரமும் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் ஆன பிள்ளைகள் அங்கே ஏராளம். நாகர்கோவில் பக்கம் போனால் திருவனந்தபுரம் நிலையம் கிடைக்கும். அவர்களுக்கு மலையாளம் அப்படித்தான் பழகியது. பிறகு கொடைக்கானல் மலையில் சக்தி வாய்ந்த கோபுரம் வந்தது, எங்கள் ஆன்டெனாக்களும் வடக்கே திரும்பின.

ஆன்டெனா திருப்புவது என்கிறார்களே, அது என்ன அவ்வளவு பெரிய வேலையா?

மூன்று பேர் வேலை. மொட்டை மாடியில் அண்ணன், குழாயைப் பிடித்துக்கொண்டு. டிவி முன்னால் அத்தை, திரையைப் பார்த்துக்கொண்டு. மாடிப்படி நடுவில் நான், இங்கே சொல்வதை அங்கே கத்த. "வருதா?" "புள்ளியா வருது." "இப்போ?" "ஆளு ரெண்டா தெரியுது." "இப்போ?" "ஆங், ஆங், அப்படியே... போச்சு!" அந்த "போச்சு" மேலே போய்ச் சேர்வதற்குள் அண்ணன் இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பான்.

எல்லாம் சரியாகிக் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தால் காக்காய் வந்து ஆன்டெனா மேல் உட்காரும். அலுமினியக் குழாய் வளைந்து படம் மறுபடி ஆடும். மாடியிலிருந்து வருகிற தட்டையான ஒயர் சுவரில் உரசி ஓரிடத்தில் தோல் உரிந்திருக்கும். மழை பெய்தால் அங்கேதான் கோளாறு. டிவிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் ஒன்று, வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் டக், டக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

பெட்டி சாலிடேர் அல்லது டயனோரா, இரண்டும் மெட்ராஸ் தயாரிப்பு. இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரக் கதவு, அதற்குப் பூட்டுச் சாவி. பரீட்சை நேரத்தில் அந்தச் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். கலர் டிவி வாங்க முடியாத வீடுகளில் திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டுவார்கள்: மேலே நீலம், நடுவே இளஞ்சிவப்பு, கீழே பச்சை. வானமும் புல்லும் வந்தால் பொருந்திப்போகும். செய்தி வாசிக்கும் ஷோபனா ரவியின் நெற்றி நீலமாகத் தெரியும், அவ்வளவுதான் குறை.

இந்தி தெரியாமல் ராமாயணம், மகாபாரதம் எல்லாம் எப்படிப் பார்த்தீர்கள்?

கதை தெரியுமே! ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ஓடியது; பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2இல் தொடங்கி 1990 ஜூன் வரை. இரண்டும் ஞாயிறு காலை. ஆச்சி குளித்து, விளக்கேற்றி, டிவிக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் உரை சொல்வாள். அவள் சொன்னது திரையில் நடந்ததோடு எப்போதும் ஒத்துப்போகாது. கைகேயி பேசும்போது ஆச்சி சேர்த்துப் போட்ட வசவுகள் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை.

எங்களுக்கு முக்கியம் அம்பு. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, மெதுவாக வந்து நடுவானில் முட்டும். தென்னை ஈர்க்குச்சியை வளைத்து நாங்களும் வில் செய்து, "பிதாஸ்ரீ", "மாதாஸ்ரீ" என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டோம். பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னாதான் பின்னால் சக்திமான் ஆனார் என்பது தொண்ணூறுகளின் பிள்ளைகள் பலருக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

இரவு எட்டரை மணி சுமாருக்கு டெல்லி நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் பெரும்பாலும் டிவியை அணைத்துவிடுவார்கள். விதிவிலக்கு மால்குடி டேஸ். சங்கர் நாக் எடுத்தது, ஆகும்பேயில் படப்பிடிப்பு, இசை நம்ம எல். வைத்தியநாதன். அந்தத் தொடக்க இசைக்குப் பாஷை தேவைப்படவில்லை.

அது பொற்காலமா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மழுப்பிப் பதில் சொல்வதில் எனக்கு விருப்பம் இல்லை.

அது அரசாங்கத்தின் டிவி. அமைச்சர் அடிக்கல் நாட்டினார், அமைச்சர் திறந்து வைத்தார், அமைச்சர் பாராட்டினார் என்றே செய்தி போகும். எதிர்க்கட்சிக்காரர் முகம் அபூர்வம். பெரிய தலைவர் யாராவது இறந்துவிட்டால் நிகழ்ச்சிகளெல்லாம் ரத்தாகி நாள் கணக்கில் சோக இசைதான்.

இன்னொன்று, இந்த நினைவுகளில் யாரும் சேர்த்துச் சொல்லாதது. தெருவுக்கு ஒரு டிவி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம் என்கிறோம். எல்லோரும் என்றால் யார்? டிவி இருந்த வீட்டுக்காரர் நாற்காலியில். சொந்தக்காரர்கள் பாயில். அடுத்த தெருப் பிள்ளைகள் திண்ணையில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. சில தெருப் பிள்ளைகளுக்கு ஜன்னலும் கிடையாது. யார் எந்த இடத்தில் உட்காரலாம் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்திருந்தது. சில வீடுகளில் படம் பார்க்க நாலணா வாங்கினார்கள். பஞ்சாயத்து டிவி வந்தபோதுதான் பல பேருக்கு நேராகத் திரையைப் பார்க்கிற இடம் கிடைத்தது. 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த வீட்டுப் பிள்ளைகள். நானும் பாயில் உட்கார்ந்து பார்த்தவன்தான், ஜன்னலில் நின்றவன் இல்லை.

டெக் எடுத்துப் படம் பார்ப்பது எப்படி நடக்கும்?

கல்யாண வீடு, கோயில் கொடை, அல்லது வெளிநாட்டிலிருந்து மாமா வந்திருக்கிறார். வாடகைக் கடையிலிருந்து வீடியோ டெக்கும் கலர் டிவியும் மூன்று கேசட்டும் வரும். கூடவே டெக்கைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆளாகக் கடைப் பையன் வருவான். முதலில் சாமி படம், பெரியவர்களுக்காக. இரண்டாவது சிவாஜியோ எம்.ஜி.ஆரோ. ரஜினி, கமல் படம் கடைசியில்தான்; அதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். அதனால் எழுப்பிவிடச் சொல்லி சத்தியம் வாங்கிக்கொண்டு தூங்குவோம். யாரும் எழுப்பியதில்லை.

என் பிள்ளைகளுக்குப் பழைய குடும்பப் படம் காட்ட ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பாசமலரிலிருந்து தொடங்காதீர்கள். 1961இல் வந்த நல்ல படம், பீம்சிங் இயக்கம், சிவாஜியும் சாவித்திரியும். ஆனால் பத்து வயசுப் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் விம்மி விம்மி அழுதால் அது பயந்துவிடும்.

காதலிக்க நேரமில்லையில் (1964) தொடங்குங்கள். ஸ்ரீதர் படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி ஒன்று போதும். பேய் இல்லை, இருட்டு இல்லை. கதவு திறக்கிற சத்தம் முதல் எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே கொடுப்பார். பயம் முழுக்கப் பாலையாவின் முகத்தில். கார்ட்டூன் பார்த்துப் பழகிய பிள்ளைக்கும் அது பிடிக்கும். அப்புறம் மாயா பஜார் (1957): கடோத்கஜனாக ரங்காராவ் கல்யாண விருந்தைத் தனியாளாகக் காலி செய்கிற பாட்டு. லட்டுகள் தாமாகவே பறந்து வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலத்தில் மார்கஸ் பார்ட்லே கேமராவில் செய்தது. எப்படி எடுத்திருப்பார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

திருவிளையாடல் (1965) நீளம்தான், ஆனால் தனித்தனிக் கதைகள். ஒரு நாளைக்கு ஒன்று என்று பிரித்துக் காட்டலாம். தருமியை முதலில் காட்டுங்கள். நக்கீரராக வருபவர்தான் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜன் என்று சொல்லி வையுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விசுவின் சம்சாரம் அது மின்சாரம் (1986). வீட்டுக்கு நடுவே கோடு கிழிப்பதும் மனோரமாவின் "கம்முனு கெட"யும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முடிவு பலருக்கு மறந்திருக்கும்: குடும்பம் மறுபடி ஒரே கூரைக்குள் சேர்வதில்லை. மூத்த மருமகள், நல்லபடியாகத் தள்ளி இருந்துகொள்வோம் என்கிறாள். கூட்டுக் குடும்பத்தின் பெருமை என்று நினைத்து நாம் கொண்டாடிய படம் அப்படித்தான் முடிகிறது. இப்போது பார்த்தால் மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் பேச நிறைய இருக்கும்.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு என்ன ஞாபகம்?

அவர்களிடமே கேட்பது நல்லது. நான் கேட்டவரை: இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசம், அதிலும் விடாது கருப்பு, இரவில் தனியாகப் பாத்ரூம் போக முடியாமல் செய்தது. 1999இல் தொடங்கிய ராதிகாவின் சித்தி. அதன் தலைப்புப் பாட்டு வந்தால் அம்மாவிடம் எதுவும் கேட்கக் கூடாது. அதற்கும் பின்னால் 2007இல் வந்த சுட்டி டிவி. தமிழ் பேசிய டோராவும் ஜாக்கி சானும் அவர்களுக்கு வீட்டு மனுஷர்கள். "குள்ளநரி திருடக் கூடாது" என்று ஒருவன் சொன்னால் அவன் வயசைச் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் இப்போது எங்கே பார்க்கலாம்?

படங்கள் கிடைக்கும். பழைய தமிழ்ப் படங்களில் ஏராளமானவை யூடியூபில் உரிமையாளர்களே போட்டுவைத்திருக்கிறார்கள். கர்ணன் 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்து நன்றாக ஓடியது. அதற்காக எல்லாப் படமும் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸின் பிரதியே இல்லை. ராமாயணம், மகாபாரதம் மாதிரிப் பெரிய தொடர்களும் பத்திரம். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மறுபடி போட்டது. பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் பழையவற்றை வெளியிடுகிறது. சென்னைத் தூர்தர்ஷன் பொதிகையாகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கேயும் அவ்வப்போது பழைய நிகழ்ச்சி வரும்.

கிடைக்காதது எது என்றால், நமக்கு உண்மையிலேயே ஞாபகம் இருப்பது. ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை முழு மாலை. நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் அறிவிப்பாளர், முன்னோட்டம், எதிரொலி, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை, நிர்மா விளம்பரம், ஞாயிற்றுக்கிழமைப் படத்தை நடுவில் வெட்டும் செய்தி. நேரலையில் போனதை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்ததற்கும் டேப் விலை அதிகம் என்பதால் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்தார்கள். சென்னையில் மட்டும் நடந்தது இல்லை இது, உலகம் முழுக்க டிவி நிலையங்கள் செய்த காரியம்தான். இதனால் சபாபதியை (1941) இன்று இரவே நீங்கள் பார்க்கலாம். 1986இன் எதிரொலி ஒன்றைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

பரணில் பழைய டிவி இருக்கிறது. ஆன்டெனா போட்டால் ஏதாவது வருமா?

வராது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுர ஒளிபரப்பு ஏறக்குறைய முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கத்தை மட்டும் கழற்றாதீர்கள். அணைத்து வைத்த பிக்சர் டியூபிலும் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

வீட்டில் வீடியோ கேசட்டுகள் சில இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். கல்யாண கேசட்டாக இருந்தாலும் சரி, டிவியில் வந்ததை அப்படியே பதிவு செய்ததாக இருந்தாலும் சரி. இரண்டாவது வகைதான் அரிது. டெக் சொந்தமாக வைத்திருந்த வீடுகளில், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் தேடினால் கிடைக்கும்.

எடுத்ததும் டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் சகஜம். அதை ஓட்டினால் டேப்பும் அறுபடும், டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்து மாற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் பழைய ஸ்டுடியோக்களில் விசாரியுங்கள். அதுவரை கேசட்டைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், அதன் காந்தம் பதிவைக் கெடுக்கும்.

கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். மாற்றித் தருகிறவர்கள் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இடையில் வருகிற விளம்பரம், அறிவிப்பு, புள்ளி புள்ளியாக ஓடும் பகுதி எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். எதையும் வெட்ட வேண்டாம், முதலிலிருந்து கடைசி வரை அப்படியே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும்.